பளபளக்கும் அட்டவணை

மாதிரித் தேர்வுக்கு முந்தைய படிப்பு விடுமுறை வாரத்தில் ரோவன் புவியியல் பாடத்தைப் படிப்பதைத் தவிர எல்லாம் செய்தான். ஆறு நிறப் பேனாக்கள் வாங்கினான். நான்கு நாள் உட்கார்ந்து படிப்பு அட்டவணை வரைந்தான். ஐந்தாம் நாள் பள்ளி நூலகத்துக்குப் போய் அதை லேமினேட் செய்துகொண்டான்.

மாணவர் ஓய்வறையில் தேநீருக்குக் கெட்டிலைப் போட்டுக்கொண்டிருந்த வகுப்புத் தோழி ஃபிரெயா அதைத் தூக்கிப் பார்த்தாள்.

"டேய், அட்டவணைக்கு மார்க் போட்டா நீதான்டா முதல்ல."

"பொறாமை."

"லேமினேட் பண்ணிட்டியே, இனி எதையும் மாத்த முடியாதே?"

"மாத்த மாட்டேன். மனஉறுதி."

ரோவனுக்கு நியூகாசில் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்க ஆசை. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போகும்போது, மாணவன் கடைசியில் என்ன கிரேடு வாங்குவான் என்று ஆசிரியர் முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டும். ரோவனுக்கு 'பி' வேண்டும். புவியியல் ஆசிரியை மிஸ் ஆட்கின்ஸ் இந்த மாதிரித் தேர்வைப் பார்த்துத்தான் எழுதுவார்.

தேர்வில் முதல் கேள்வி: கடல் நிலத்தை அரிப்பது எப்படி? பதினைந்து மதிப்பெண்.

ரோவன் பிறந்து வளர்ந்தது யார்க்‌ஷயர் கடற்கரையில். ஜன்னலைத் திறந்தால் கடல். ஆனால் தேர்வறையில் நினைவுக்கு வந்தது ஒன்றே ஒன்று: அட்டவணையில் கடற்கரைப் பாடம் நீலக் கட்டம், புதன் நான்கு மணி. 'அலைகளால்' என்று எழுதினான். யோசித்து, 'பெரிய அலைகளால்' என்று திருத்தினான்.

'டி' வந்தது. அட்டவணையைக் கையில் எடுத்துக்கொண்டு மிஸ் ஆட்கின்ஸைப் பார்க்கப் போனான். உழைப்புக்குச் சாட்சி வேண்டுமே.

"மிஸ், நான் படிக்காம இல்ல. பாருங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "அழகா இருக்கு. புதன் நாலு மணி, கடற்கரை. அப்போ எங்க இருந்த?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தான். அதற்கும் தயாரிப்பு இல்லை.

"புதன்கிழமை கட்டத்துக்குக் கலர் அடிச்சிட்டிருந்தேன், மிஸ்."

"உங்க மாமாவோட கோழிக்கூடு போன வருஷம் கரை இடிஞ்சு கடலுக்குள்ள போச்சே ரோவன். அதையாவது எழுதியிருக்கலாம்."

"அது பாடத்துல இல்லைன்னு நெனச்சேன்."

அவர் பெருமூச்சு விட்டார். "திங்கட்கிழமை காலை எட்டரைக்கு வந்து இதே பகுதியை மறுபடி எழுது. 'பி' தகுதி இருந்தா 'பி' எழுதறேன். இல்லேன்னா 'டி'தான் போகும். இது என்கிட்ட இருக்கட்டும்." அட்டவணை மேசை இழுப்பறைக்குள் போனது.

ஓய்வறைக்குத் திரும்பினான்.

"எங்கடா உன் மனஉறுதி?" என்றாள் ஃபிரெயா.

"பறிமுதல்."

"ஐயோ பாவம். எப்போ படிக்கணும்னு இப்ப எப்படித் தெரியும் உனக்கு?"

அவன் புத்தகத்தை எடுத்துக் கடற்கரைப் பாடத்தைத் திறந்தான். போன வருடம் முக்கியமான வரிகளுக்குப் பச்சை அடித்து வைத்தது நினைவிருந்தது. அதை மட்டும் படித்தால் போதும்.

பக்கம் முழுக்கப் பச்சை. அடுத்த பக்கமும். படத்தின் அடிக்குறிப்புக்கும், பக்க எண்ணுக்கும்கூட அடித்திருந்தான்.

வேறு வழியில்லை. முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தான்.