அண்ணா சாப்பிடும் சத்தம்

"அண்ணாவுக்கு இனிச் சோறு வைக்காதேங்கோ."

சொல்லிவிட்டேன். சனிக்கிழமை காலை, ஸ்கார்பரோவின் மல்வேர்னில் எங்கள் வீட்டுக் குசினி. அம்மா அடுப்படியில் நின்றார். அப்பா மேசையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு கடையின் விளம்பரத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் எதையும் கேட்கலாம். கோயிலுக்கு வரமாட்டேன் என்று சொல்லலாம், மாப்பிள்ளை பார்க்க வேண்டாம் என்று சொல்லலாம். இதை மட்டும் கேட்கக் கூடாது என்று எனக்குப் பதினைந்து வயதில் அப்பா சொன்னார். ஒன்பது வருடமாகக் கேட்கவில்லை.

அம்மா திரும்பவில்லை. அகப்பையைக் கீழே வைத்தார்.

"என்ன சொன்னனி?"

"வைக்காதேங்கோ எண்டனான். மெசினும் வாங்க வேண்டாம்."

மெசின் என்றது சிங்குக்குக் கீழே தொங்குகிறதை. மிச்சச் சாப்பாட்டைத் தண்ணீரோடு உள்ளே தள்ளிச் சுவிச்சைப் போட்டால் அரைத்துக் குழாய்க்குள் அனுப்பிவிடும். நாங்கள் வாங்கியதல்ல, எங்களுக்கு முன் இங்கே இருந்தவர்கள் பூட்டியது. புதன்கிழமை பின்னேரம் ஒருதரம் முனகிவிட்டு நின்றுபோனது. அன்றிலிருந்து பிரிட்ஜில் ஈயத்தாளால் மூடிய மூன்று தட்டுகள், ஒன்றன் மேல் ஒன்றாக. புதன், வியாழன், வெள்ளி. புது மெசின் வந்ததும் மூன்றையும் போட வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளை மூன்று நாளாகப் பட்டினியாம்.

பிள்ளை என்றால் கீதன். என் அண்ணா.

நடந்தது இவ்வளவுதான். இந்த வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களையெல்லாம் வாசித்துச் சொல்வது சின்ன வயதிலிருந்தே என் வேலை. பாங்க் கடிதம், வரிக் கடிதம், அக்கம்பக்கத்து வயதானவர்கள் தங்கள் ஆஸ்பத்திரிக் கடிதங்களைக்கூடக் கொண்டுவருவார்கள். எனக்குப் பதினைந்து வயதில் ஒருநாள் பல்கலைக்கழகத்திலிருந்து ஒன்று வந்தது. மூன்றாம் வருடம் படிக்கிறான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த கீதன் ஒரு வருடமாக அங்கே போகவேயில்லை. என்ன கடிதம் என்று அப்பா கேட்டார். விளம்பரம் என்று சொல்லியிருக்கலாம். நான் ஒரு சொல் விடாமல் தமிழில் வாசித்துக் காட்டினேன். நன்றாக மொழிபெயர்த்தேன் என்று பெருமையாகவும் இருந்தது.

அன்று பின்னேரம் கீதன் சாப்பிட உட்கார்ந்தான். ஒரு பிடிகூட வாயில் வைக்கவில்லை. அப்பா அவன் முன்னாலிருந்த தட்டை எடுத்தார், சோற்றைச் சிங்குக்குள் கவிழ்த்தார், சுவிச்சைப் போட்டார். பொய் சொல்லுகிற வாய்க்கு இங்கே சோறில்லை என்றார். மெசின் அரைத்து முடிந்தது. பிறகு கீதன் எழும்பிப் போய்ச் சிங்கில் கை கழுவினான். சாப்பிடாத கையை ஏன் கழுவுகிறான் என்று நான் நினைத்தது ஞாபகம் இருக்கிறது. ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவ்வளவுதான். பிறகு தூரத்து எட்மன்டனில் கண்டதாக ஒருவர் சொன்னார், வன்கூவரில் கண்டதாக இன்னொருவர். இரண்டுக்கும் ஆதாரமில்லை.

அடுத்தநாள் அதே நேரம் அம்மா அவன் தட்டில் சோறு போட்டு மேசையில் வைத்தார். அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை. அவன் சாப்பாடு கடைசியாகப் போன வழி அதுதான் என்று நினைத்தாரோ என்னவோ, சிங்குக்குள் போட்டுச் சுவிச்சை அமத்தினார். அரைத்து முடிந்து மெசின் ஓய்கிற நேரம், உள்ளே இருந்து, டக், டக், டக் என்று கேட்டது. யாரோ கதவைத் தட்டுவது போல. முதல்நாள் அப்பா போட்டபோது அது தட்டியதில்லை. அம்மா ஓடிப்போய் வாசலைத் திறந்தார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. படியில் ஒரு காலடிகூட இல்லை.

திரும்பி வந்து, "சாப்பிட்டிட்டான்," என்றார்.

அதற்குப் பிறகு ஒருநாளும் தவறவில்லை. பின்னேரம் ஆறரைக்கு அரைக்கிற சத்தம், கடைசியில் மூன்று தட்டல். அந்த மூன்று தட்டலுக்கும் அம்மா வாசலைப் பார்ப்பார். எலும்பு ஏதும் சிக்கியிருக்கும், ஆளைக் கூப்பிட்டுக் காட்டுவோம் என்று அப்பா ஒருதரம் சொன்னார். சிங்குக்குக் கீழே ஒருவரும் கை வைக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். வாசல் பூட்டையும் மாற்றவிடவில்லை. சாவி அவனிடம் இருக்கிறது, எந்த நேரமும் வருவான் என்பார். கதவுச் சங்கிலியை இந்த வீட்டில் ஒன்பது வருடமாக யாரும் போட்டதில்லை.

நான் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலிருந்து படித்தேன். இந்தக் குடும்பத்தில் பட்டம் எடுத்த முதல் ஆள் நான். என் பட்டமளிப்புப் படம் இன்னும் உறைக்குள் இருக்கிறது. சுவரில் பட்டமளிப்புப் படத்துக்கென்று இருக்கிற ஆணி கீதனின் படத்துக்காக அடித்தது.

இவ்வளவையும் பொறுத்தவள் இன்றைக்கு ஏன் வாயைத் திறந்தேன் என்றால், நேற்று ஒன்றைப் பார்த்தேன். வேலையால் வெள்ளென வந்துவிட்டேன், அம்மாவுக்குத் தெரியாது. தட்டில் ஒரு துண்டு வாழையிலை. சோறு, பருப்பு, கத்தரிக்காய், அப்பளம். அம்மா கையில் தண்ணீர் எடுத்துத் தட்டைச் சுற்றி மூன்றுதரம் தெளித்தார். கண்ணை மூடிக் கும்பிட்டார். அதற்குப் பிறகுதான் ஈயத்தாளால் மூடினார்.

அம்மப்பாவின் திதிக்கு இதைத்தான் செய்வார்கள். சமைக்கும்போது வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது, முதலில் அவருக்குப் படைக்க வேண்டும், நீர் தெளிக்க வேண்டும். அப்போதுதான் எனக்கு விளங்கியது, எங்கள் வீட்டுக் கறி ஏன் ஒருநாள் உவராகவும் மறுநாள் சப்பென்றும் இருக்கிறது என்று. அம்மா உப்புப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டார். எந்த வருடத்தில் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

நேற்றே இந்த வீட்டைவிட்டுப் போயிருக்கலாம். வியாழக்கிழமை பஸ்ஸில் போகிற தூரத்திலுள்ள வெக்ஸ்போர்ட்டில் ஒரு வாடகை அறைக்குக் கையெழுத்து வைத்துவிட்டேன். பை கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. ஆனால் அந்தத் தட்டைப் பார்த்த பிறகு பேசாமல் போக முடியவில்லை.

"அம்மா, படைக்கிறது செத்த ஆக்களுக்கு. அண்ணா செத்திட்டானோ? செத்திட்டான் எண்டால் சொல்லுங்கோ, ஐயரைக் கூப்பிட்டுச் செய்ய வேண்டியதைச் செய்வம். இருக்கிறான் எண்டால் ஏன் படைக்கிறியள்?"

அப்பா தாளை மடித்தார். "துவாரகா, காணும், விடு," என்றார்.

அம்மா இப்போது திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நீ அந்தக் கடிதத்தை வாசிக்காட்டி அவன் இண்டைக்கும் இந்த மேசையிலை இருந்து சாப்பிடுவான்."

ஒன்பது வருடமாக நான் எதிர்பார்த்திருந்த வசனம். சொன்னதும், பல்லைப் பிடுங்கிய இடம் போல ஒரு வெறுமைதான் இருந்தது. பதில் சொல்லுவதற்குள் வாசல் மணி அடித்தது.

சீமோன் அண்ணை. புது மெசின் பூட்ட அம்மா வரச் சொன்னவர், ஸ்கார்பரோவில் பாதி வீடுகளின் குழாய் வேலை செய்கிறவர். தன் வான் வண்டியிலிருந்து இரண்டு பெட்டிகளைத் தூக்கிவந்து மேசையில் வைத்தார். ஒன்று சின்னன், மலிவு, சத்தம் கூடியது. மற்றது பெரிய மோட்டார், விலை கூட, சுற்றிவர உறை போட்டது, ஓடுகிறதே தெரியாது. எல்லாரும் இதைத்தான் எடுக்கிறார்கள் என்று பெரிய பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

அம்மா சத்தம் கூடியதைக் கேட்டார்.

சீமோன் அண்ணை சிரித்தார். "அக்கா, இருவது வருசத்திலை சத்தம் கூடினதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்."

எப்படிச் சத்தம் போடும் என்று அம்மா கேட்டார். அவர் போனில் வீடியோ ஒன்றைத் தேடிப் போட்டார். அம்மா போனை வாங்கிக் காதில் வைத்தார், தூரத்திலிருந்து வந்த அழைப்பைக் கேட்பது போல. முடியும்வரை கேட்டார். மற்றதையும் போடச் சொன்னார். அதையும் கேட்டார்.

"ரெண்டிலையும் தட்டுறது இல்லை," என்றார்.

"எது தட்டுறது?"

"நிக்கேக்கை மூண்டுதரம் தட்டும்."

சீமோன் அண்ணை அப்பாவைப் பார்த்தார். அப்பா மேசையைப் பார்த்தார். மெசின் தன்பாட்டில் தட்டாது, தட்டினால் உள்ளே ஏதோ கிடக்கிறது என்று அர்த்தம் என்று சீமோன் அண்ணை அம்மாவுக்கு மெல்லமாக விளங்கப்படுத்தினார். பிறகு சிங்குக்குக் கீழே புகுந்தார். அம்மா தடுக்கவில்லை. கை மட்டும் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது.

கழற்றிய மெசினைப் பழைய பேப்பரில் கவிழ்த்தார். கறுப்பாய்ச் சேறு போல வழிந்தது. அந்த மணத்தை நான் எழுதப் போவதில்லை. அவர் அடியில் இரண்டு தட்டுத் தட்டினார். ஒன்றும் வரவில்லை. உள்ளே கையை விட்டுத் துழாவி, அரைக்கிற தகட்டுக்கும் மெசினின் உட்சுவருக்கும் இடையில் இறுகிக் கிடந்த ஒன்றை இழுத்தெடுத்தார். "இதுதான் மோட்டரை நிப்பாட்டியிருக்கு," என்றார்.

ஒரு சாவி. பல்லெல்லாம் தேய்ந்து, ஓரமெல்லாம் உருண்டு, வெள்ளி போல மினுங்கியது.

நான் பொக்கற்றிலிருந்து என் சாவியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே முக்கோணத் தலை. இந்த வீட்டுக்கு நாலு சாவி வெட்டினோம். அம்மாவுடையது ஆணியில் தொங்குகிறது. அப்பாவுடையது கார்ச் சாவியோடு. என்னுடையது இது.

"அண்டைக்கு அவன் கை கழுவேல்லை," என்றேன்.  "சாவியைப் போட்டிட்டுப் போயிருக்கிறான்."

ஒன்பது வருடமாகச் சங்கிலி போடாமல் விட்ட கதவைத் திறக்க அவனிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஒன்பது வருடமாக ஆறரைக்கு அவன் சோற்றோடு சேர்த்து இதைத்தான் அரைத்துக்கொண்டிருந்தோம்.

அம்மா குனிந்து அந்தச் சாவியை எடுத்தார். சேலையில் துடைத்தார். உள்ளங்கையில் வைத்து ஒருதரம் குலுக்கினார், காதுக்குக் கிட்டக் கொண்டுபோய். பிறகு சீமோன் அண்ணையிடம் நீட்டினார்.

"புதுசுக்குள்ளை இதைப் போட்டு விடுங்கோ."

அவர் கையை நீட்டவில்லை. "அக்கா, மெசின் பழுதாப் போம்."

"போனால் இன்னொண்டு வாங்குவம்."

நான் அப்பாவைப் பார்த்தேன். இப்போதாவது ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவர் எழும்பினார். பிரிட்ஜைத் திறந்து மேலே இருந்த தட்டை எடுத்தார். ஈயத்தாளை உரித்தார். குளிர்ந்து கட்டியான சோற்றைக் கையால் உடைத்து, பருப்போடு பிசைந்து, நின்றபடியே வாயில் வைத்தார். இரண்டாவது பிடி. மூன்றாவது. அம்மா அவரை, செத்தவீட்டில் முதலாவதாகச் சாப்பிட உட்கார்ந்த ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"உப்புக் கூட, யோகம்," என்று அம்மாவைப் பெயர் சொல்லிச் சொன்னார் அப்பா. வாய்க்குள் சோறு இருந்தது. கண் நிறைந்திருந்தது. நான்காவது பிடியைப் பிசைந்தார்.

 அம்மா நீட்டிய கையை மடக்கினார். சாவி உள்ளே.

சீமோன் அண்ணைக்குப் போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. எந்தப் பெட்டியை உடைப்பது என்று யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"ரெண்டும் வேண்டாம், அண்ணை. வெறும் குழாயைப் பூட்டி விடுங்கோ," என்றேன்.

"உது உன்ரை வீடில்லை," என்றார் அம்மா.

"ஓம். தெரியும்."

மேலே போய்க் கட்டிலுக்குக் கீழிருந்த பையை இழுத்தேன். உறைக்குள் இருந்த படத்தை எடுக்கலாமா என்று பார்த்தேன், எடுக்கவில்லை. இறங்கி வந்தபோது மூவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அப்பாவின் தட்டு மட்டும் காலியாகியிருந்தது. இரண்டாவது தட்டின் ஈயத்தாளில் அவர் கை இருந்தது. என் பையைப் பார்த்ததும் அந்தக் கை நின்றது.

எங்கே என்று அப்பா கேட்டார். வெக்ஸ்போர்ட் என்றேன். விலாசத்தை ஒரு தாளில் எழுதிப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன், தமிழில், எழுத்துப் பெரிதாக.  

அம்மாவுக்கு முன்னால் போய் நின்று என் சாவியைத் தூக்கிக் காட்டினேன்.

"பாருங்கோ, என்ரை என்னட்டை இருக்கு. பசிச்சா நானே திறந்து வந்து போட்டுச் சாப்பிடுவன். எனக்கு எடுத்து வைக்காதேங்கோ."

அம்மா சாவியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. மடக்கிய கை திறக்கவும் இல்லை.

சப்பாத்தைக் காலில் போட்டேன். பையைத் தோளில் மாட்டினேன். குசினியில் சீமோன் அண்ணை ஏதோ ஒன்றை எடுத்துப் பிரிக்கிற சத்தம் கேட்டது. அது பெட்டியா, குழாயா என்று நின்று கேட்கவில்லை. வாசலைச் சாத்தி, வெளியே நின்று என் சாவியால் பூட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தேன்.