இரண்டாவது ஆளின் எடை

முப்பது வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்று, "இது தெளிவா, அது தெளிவா?" என்று ஊரையே குடைந்தெடுத்தவர் அவர். தனக்கென்று ஒரு சின்னப் பாய்மரப் படகு வாங்க வந்த இடத்தில், மூன்று சனிக்கிழமைகளாகத் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்.

பந்தயத்திலும் ஓட வேண்டும், நாலு நாள் ஊர் சுற்றினால் படுத்துறங்கவும் வசதி வேண்டும். "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படி சார்?" என்று சிரித்தார் படகு விற்பவர். ஆனாலும் பொறுமைசாலி. கட்டைகள்மேல் நிறுத்தியிருந்த நீலப் படகைக் காட்டினார். லேசான உடம்பு, உயரமான பாய்மரம், உள்ளே இரண்டு படுக்கை, ஒரு குட்டி அடுப்பு. பக்கத்தில் ஒரு வெள்ளைப் படகு, சாப்பிட்டுவிட்டு அசந்து படுத்த ஆள் மாதிரி அகலமாகக் கிடந்தது. அதை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

நீலப் படகுக்குள் இறங்கி இடது படுக்கையில் படுத்துப் பார்த்தார். கால் இடிக்கவில்லை. பிறகு வலது படுக்கையிலும் படுத்துப் பார்த்தார். அது மகளுக்கு.

மனைவி போய் நாலு வருஷம். வீட்டில் ரேடியோதான் பேசும், அதுவும் இவர் சொல்வதைக் கேட்காது. மகள் வெளியூரில்; மாதத்துக்கு இரண்டு போன். பந்தயப் படகென்றால் இரண்டு பேர் வேண்டும், அப்போது வாரக் கடைசியிலாவது அவள் வந்துதானே ஆக வேண்டும்! மனுஷருக்குப் படகு ஆசை பாதி, தனிமை பாதி.

"காத்து பலமா அடிச்சா ரெண்டாவது ஆள் விளிம்புல உட்கார்ந்து வெளியே சாயணும். அந்தக் கனத்துக்குத் தகுந்த மாதிரிதான் பாய் தைக்கணும். யாரு உங்ககூட?" என்று கேட்டார் விற்பவர்.

"என் பொண்ணு."

"எத்தனை கிலோ இருப்பாங்க?"

வளர்ந்த மகளின் எடை எந்த அப்பனுக்குத் தெரியும்? ஆனாலும் அவருக்கு வெட்கமாகிவிட்டது. ஒதுங்கிப் போய் போன் போட்டார்.

"ஏம்மா, நீ எத்தனை கிலோ?"

"காலங்காத்தால என்னப்பா கேள்வி இது?"

படகு, பந்தயம், வலது படுக்கை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார்.

"அப்பா, எனக்குத் தண்ணின்னா பயம்."

"எப்பலேர்ந்து?"

"எப்பவுமே. சின்ன வயசுல உங்ககூடப் படகுல வரப்பல்லாம் கண்ணை இறுக்கி மூடிட்டுதான் உட்கார்ந்திருப்பேன். அம்மாவுக்குத் தெரியும்."

ஊரார் கண்ணுக்கெல்லாம் விளக்கடித்துப் பார்த்தவருக்கு அது மட்டும் தெரியாமல் போயிருக்கிறது. "சொல்லியிருக்கலாமேம்மா," என்றார்.

"நீங்க அவ்ளோ சந்தோஷமா இருப்பீங்கப்பா, எப்படிச் சொல்றது? உங்களுக்குத் தனியா ஓட்ட எது சுலபமோ அதையே வாங்குங்க. வேலை இருக்கு, வைக்கட்டுமா?"

திரும்பி வந்தபோது விற்பவர் பென்சிலும் கையுமாக நின்றார். "எத்தனை கிலோ சார்?"

அவர் நீலப் படகைத் தாண்டிப் போய் வெள்ளைப் படகின்மேல் கை வைத்தார்.

"இதைக் கரையிலயே கட்டிப் போட்டுட்டு, உள்ள உட்கார்ந்து ரெண்டு பேர் டீ குடிக்கலாமா?"

"தாராளமா. நாலு பேர்கூடக் குடிக்கலாம். ஆனா பந்தயத்தை மறந்துடணும்."

"அது போகட்டும். கட்டிப் போட்டா ஆடாதில்ல?"

பொய் சொன்னால் அந்த நிமிஷமே படகு விற்றுவிடும். விற்பவர் சொல்லவில்லை.

"தண்ணி சார். கொஞ்சம் ஆடத்தான் செய்யும்."

"கொஞ்சம்னா," என்று கேட்டார் அவர், "எவ்ளோ?"