கொட்டாவிச் சோதனை

அண்ணன் மெத்தைக் கடையில் விற்பனையாளன். அவனிடம் ஒரு வித்தை உண்டு. கட்டிலில் உட்கார்ந்து பார்ப்பவரின் எதிரே நின்று வாய் கொள்ளாமல் ஒரு கொட்டாவி விடுவான். அவருக்கும் வரும். "பாத்தீங்களா சார், உடம்பு எவ்வளவு தூக்கம் கேக்குது" என்பான். மெத்தை வண்டியேறிவிடும்.

கொட்டாவி தொற்றாதவர்கள் ஈவிரக்கம் இல்லாதவர்களாக இருக்கலாம், அப்படிப்பட்டவர்கள் நம்மிடையே சர்வசாதாரணமாக நடமாடுகிறார்கள் என்று வார இதழ் ஒன்றில் படித்தான். உடனே தங்கைக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை நினைவுக்கு வந்தார். காரணம் இருந்தது. தங்கை கல்யாணமாகிப் போய்விட்டால் அவன் சட்டைகளுக்கு இஸ்திரி போட ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணத் தேதி பேச மாப்பிள்ளை வந்தார். பல் டாக்டர். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்ததும் அண்ணன் ஒரு கொட்டாவி விட்டான். அம்மாவுக்கு வந்தது. அப்பாவுக்கு வந்தது. தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை சிரித்த முகமாக இருந்தார். அடுத்ததை அவர் முகத்துக்கு நேராகவே விட்டான். அவர் முன்னால் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"மச்சான், மேல கடைசிப் பல்லு சொத்தை. விட்டா வேர் வரைக்கும் போயிடும்."

அண்ணன் அப்பாவிடம் திரும்பினான். "இந்த இடம் வேண்டாம்பா. இவருக்கு மனசாட்சியே கிடையாது."

"சொத்தைன்னு சொன்னதுக்கா?"

"கொட்டாவி வரல, பாத்தீங்கல்ல." படித்ததைச் சொன்னான்.

"அச்சுல வந்திருக்கா?" என்றார் அப்பா, கவலையோடு. அச்சில் வந்ததை அவர் மறுத்ததில்லை.

"நாள் முழுக்கத் திறந்த வாயத்தான் பாக்கறேன் மாமா" என்றார் மாப்பிள்ளை. "ஒவ்வொண்ணுக்கும் கொட்டாவி விட்டா பல்ல யாரு புடுங்கறது?"

தங்கை எழுந்து அண்ணனுக்கு எதிரே வந்தாள். சோம்பல் முறித்து நீளமாக ஒரு கொட்டாவி விட்டாள். அம்மாவும் அப்பாவும் விட்டார்கள். மாப்பிள்ளைக்கே தாடை லேசாக ஆடியது. அண்ணன் முகம் மட்டும் வெள்ளையடித்த சுவர்போல அசையாமல் இருந்தது.

"உனக்கு வரலையேண்ணே."

"எனக்குத் தொழில் பழக்கம்."

"அவருக்கு மட்டும் இல்லையா? எதுக்கு இதக் கெடுக்கப் பாக்கற?"

"நீ போயிட்டா சட்டைய யாரு தேய்க்கறது?"

மணி கேட்டால் சொல்வதுபோல் சொன்னான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொட்டாவிக் கண்ணீராகவும் இருக்கலாம்.

"தேதியச் சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார் அப்பா.

தங்கை அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். வருத்தப்படவேண்டிய இடம் இது என்று அண்ணனுக்குத் தெரிந்தது. முகத்தை அதற்கேற்றபடி வைத்துக்கொண்டான். போதுமென்று தோன்றியதும் கேட்டான்:

"அப்போ, நாளைக்கு அந்த நீலச் சட்டை?"