ஓய்வறையில் விசில்

"டிரைவர் சரி பண்ண வந்திருக்கேன்" என்று அவள் சொன்னதும் வாசல் காவலாளி, "எந்த லாரியோட டிரைவரும்மா? அவனுக்கு என்ன உடம்புக்கு?" என்று கேட்டார். மதியத்துக்குள் அந்த இரும்பு உருக்காலை முழுக்க அவள் பெயர் டிரைவர் பொண்ணு என்று ஆகிவிட்டது. அவள் திருத்தப் போகவில்லை. வயர்லெஸ் கார்டு காதில் வாங்கியதைக் கம்ப்யூட்டருக்கு எடுத்துச் சொல்லும் மென்பொருளுக்குத்தான் டிரைவர் என்று பெயர். பெற்ற அப்பாவுக்கே அது இன்னும் விளங்கவில்லை.

விஷயம் இதுதான். அங்கே ஒவ்வொருத்தர் ஹெல்மெட்டிலும் ஒரு டேக் உண்டு. "நான் இன்னார், இங்கே இருக்கிறேன்" என்று ரேடியோவில் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். சுவரில் ஆங்காங்கே மாட்டிய பெட்டிகள், உள்ளே இருக்கும் வயர்லெஸ் கார்டு வழியாக அதைக் கேட்டு, கண்ட்ரோல் ரூம் திரையில் ஆளுக்கொரு பச்சைப் புள்ளியாகக் காட்டும். உலைக்கு அடியில் கசடுக் குழி; உலையைச் சாய்த்தால் கொதிக்கும் கசடு அதில்தான் கொட்டும். குழியில் புள்ளி இல்லையென்றால்தான் உலையைச் சாய்க்கலாம்.

விசில் அந்தக் குழியில்தான் செத்தான். வேலை நேரம் பூராவும் சீட்டியடித்துக்கொண்டே இருப்பான் என்பதால் அந்தப் பெயர். குழியைச் சுத்தம் பண்ண இறங்கியிருந்தான். திரையிலோ அவன் புள்ளி ஓய்வறையில் இருந்தது. கண்ட்ரோல் ரூம் அக்கா உலையைச் சாய்க்கும் பொத்தானை அழுத்தினாள். ஹெல்மெட்டை ஓய்வறையில் கழற்றி வைத்துவிட்டு இறங்கியது அவனுடைய கவனக்குறைவு என்று விசாரணையை முடித்துவிட்டார்கள். அந்த ஹெல்மெட் அங்கே இருக்கிறதா என்று யாரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

ஆனால் அவன் போகவில்லை. உலையைப் பற்றவைக்கும் போதெல்லாம் ஓய்வறையில் ஒரு பச்சைப் புள்ளி வந்து நிற்கிறது. பக்கத்தில் அவன் பெயர்.

"லிஸ்ட்லேருந்து பேரை அழிச்சிருக்கலாமே சார்?" என்றாள் டிரைவர் பொண்ணு.

மேலாளர் இழுப்பறையிலிருந்து ஓய்வறைச் சாவியை எடுத்தார். "அழிச்சோம். பேர் இல்லாம வெறும் புள்ளியா வந்துச்சு. அது இன்னும் பயமா இருந்துச்சு. பேரோடவே இருக்கட்டும்னு திருப்பிப் போட்டுட்டோம்."

"பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

"அந்த ரூமைப் பூட்டினதோட சரி. எவனும் உள்ள போக மாட்டேங்கிறான்."

"நீங்க?"

"எனக்கு ஆயிரம் வேலை இருக்கும்மா" என்று சாவியை அவள் கையில் திணித்தார். "போய் ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. முடிஞ்சுது கதை. கவனக்குறைவா ஒருத்தன் செத்ததுக்கு நாங்க எவ்வளவு நாள்தான் அவஸ்தைப்படறது?"

கவனக்குறைவு. தறி இழுத்து அவள் அப்பாவின் இரண்டு விரல் போனபோதும் முதலாளி வீட்டில் இதையேதான் சொன்னார்கள். அப்பாவும் கட்டுப்போட்ட கையோடு நின்று, "ஆமாங்க, எம்மேலதான் தப்பு" என்றார். அவர் தலையாட்டிய அந்த ஆட்டலை அவளால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

தன் குரலும் பெட்டிக்குள் கலந்துவிடக் கூடாதென்று, கதவைத் திறக்கும் முன்பே தன் டேக்கின் பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். ஓய்வறையில் ஒரு பெஞ்சு. ஹெல்மெட் எதுவும் இல்லை. கவிழ்த்து வைத்த டம்ளர்கள். ஒன்று மட்டும் நிமிர்ந்திருந்தது, அடியில் டீ காய்ந்து கறுப்பாக. பட்டப்பகல்தான், ஆனாலும் அவள் லைட்டைப் போட்டாள். சுவரில் பெட்டி கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. சுவிட்சில் விரலை வைத்தாள். வைத்தவள் எடுத்துவிட்டாள். ஆஃப் பண்ணினால் உள்ளே இருப்பது என்ன என்று எந்தக் காலத்துக்கும் தெரியாமல் போய்விடும். லேப்டாப்பைச் சொருகிக் காத்திருந்தாள்.

உலையைப் பற்றவைத்தார்கள். தரை அதிர்ந்தது. மின்பொறியால் உருக்கும் உலை அது; பொறி பறந்தால் காற்று முழுக்க ரேடியோ இரைச்சல்தான். கார்டு திணறி, மூச்சடைத்து, செயலற்று நின்றது. டிரைவர் அதைத் தட்டி எழுப்பியது. எழுந்த கார்டு முதல் வார்த்தையாகச் சொன்னது: "நான் விசில். இங்கே இருக்கிறேன்."

அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை.

லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்தாள். டேக் ஒவ்வொரு முறை பேசும்போதும் ஒரு எண்ணைக் கூட்டிக்கொண்டே போகும். கார்டு மறுபடி திணறியது, மறுபடி எழுந்தது, மறுபடி விசில். அதே எண். உயிரோடு இருக்கும் டேக்குக்கு எண் ஏறியாக வேண்டும்.

பேய் இல்லை. கார்டை எழுப்பும்போது, கடைசியாகக் கேட்ட பழைய செய்தியைத் துடைக்க டிரைவர் மறந்திருக்கிறது. அதைப் புதுச் செய்தி என்று நினைத்துத் திரைக்கு அனுப்புகிறது. அறையைப் பூட்டிய பிறகு யாரும் இந்தப் பக்கம் வராததால் அந்தக் கடைசிச் செய்தி விசிலுடையதாகவே தங்கிவிட்டது. பயந்தவர்கள் புண்ணியம்.

அப்படியானால் அன்றைக்கும் இதுதான். டீ குடித்துவிட்டு ஹெல்மெட்டோடு குழிக்குப் போயிருக்கிறான். இரைச்சலில் குழிப் பெட்டி செவிடாகிவிட்டது. இந்தப் பெட்டி மட்டும் "இங்கே இருக்கிறான், இங்கே இருக்கிறான்" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

பெட்டியின் நினைவகம் மொத்தத்தையும் லேப்டாப்பில் இறக்கிக்கொண்டு தன் டீம் லீடருக்குப் போன் போட்டாள்.

"ஒரே வரி வேலை" என்றார் அவர். "ரீசெட்ல பழசைக் காலி பண்ணு. ரிப்போர்ட்ல 'நிலைத்தன்மை மேம்பாடு'ன்னு போடு. வேற எதுவும் எழுதாத."

"ஒரு ஆள் செத்திருக்கான் சார்."

"அது அவங்க விசாரணை. நம்ம டிரைவரை அதுல இழுக்காத. நல்லா வர வேண்டிய பொண்ணு நீ."

போனை வைத்துவிட்டு அவள் நேராகக் கண்ட்ரோல் ரூமுக்குப் போனாள். அக்கா திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். "பண்ணிட்டியா? போயிட்டானா?"

"இல்லக்கா. எனக்கு ஒரு உதவி வேணும். கேன்டீன் நடைபாதையில யாரையும் விடாதீங்க. நான் அங்க போனதும் உலையைப் பத்தவைங்க. சாய்க்க மட்டும் சாய்க்காதீங்க."

பேட்டரியைத் திரும்பப் போட்டு ஹெல்மெட்டை மாட்டினாள். நடைபாதைப் பெட்டியின் முன் நின்றாள். உலை உறுமியதும் இறங்கி ஓடி, குழிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முகம் தீய்ந்தது. தூணில் கம்பிவழி இன்டர்காம் இருந்தது.

"அக்கா, திரையைப் பாருங்க. நான் எங்க இருக்கேன்?"

"கேன்டீன் நடையில."

"ஜன்னல் வழியா பாருங்க."

"ஜன்னலை எங்க விட்டாங்க? திரை வந்தப்பவே காகிதம் ஒட்டி அடைச்சிட்டாங்க."

"கிழிங்க."

உயரத்தில் கண்ணாடியின் ஒரு மூலை வெளுத்தது. பிறகு ஒரு கை தெரிந்தது. பிறகு அக்காவின் முகம். உலை சட்டென்று அணைந்தது.

மேலே ஏறிப் போனபோது அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள், நகக்கண்ணில் காகிதம். மேலாளர் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"அப்ப அவன் ஹெல்மெட்டைக் கழட்டல" என்றாள் அக்கா.

"கழட்டல."

"உள்ள சீட்டியடிச்சிட்டு இருந்திருப்பான். இந்த இரைச்சல்ல எனக்கு அதுவும் கேக்கல." முகத்தைப் புடவையில் அழுத்தித் துடைத்தாள். "என் முதுகுக்குப் பின்னால என்னைப் பொத்தான் பொத்தான்னு கூப்பிடுறாங்க, தெரியுமா? அவன் பொண்டாட்டி என் மூஞ்சியிலயே முழிக்கிறதில்ல."

"போதும்" என்றார் மேலாளர். "காரணம் தெரிஞ்சிருச்சில்ல? சாவியைக் குடு. நானே ஆஃப் பண்றேன்."

"இப்ப மட்டும் பயம் போயிடுச்சா சார்?" டிரைவர் பொண்ணு சாவியை அக்காவின் கையில் வைத்தாள். "பாதுகாப்பு ஆய்வாளருக்கு எல்லாத்தையும் அனுப்பிட்டேன். அவர் நாளைக்கு வந்து இந்தப் பெட்டியை அப்படியே பாக்கணும். எங்க டிரைவர்தான் கொன்னுதுன்னு எங்க கம்பெனி பேரையும் சேர்த்தே எழுதியிருக்கேன். அதோட என் வேலை போகும். போகட்டும்."

அக்கா எழுந்து சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். "அவர் வர்ற வரைக்கும் அந்த ரூம் பக்கம் யாரும் வரக்கூடாது. வந்தா உலை எரியாது."

மேலாளர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். டிரைவர் பொண்ணு ஹெல்மெட்டைக் கழற்றி, டேக்கின் பேட்டரியைப் பிடுங்கி மேஜையில் போட்டாள். உருகிய இரும்பு இறுகிவிடக் கூடாதென்று அக்கா உலையைத் திரும்பப் பற்றவைத்தாள், சாய்க்க அல்ல. தண்ணீர் குடிக்க நிமிர்ந்த டிரைவர் பொண்ணு அப்படியே நின்றாள்.

காரணம் அவளுக்குத் தெரியும். அவளை விட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. இருந்தும் மேஜையில் கிடந்த பேட்டரியை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். திரையில், ஓய்வறையில் விசில் இருந்தான். அவனுக்கு இரண்டு சுவர் தள்ளி, ஆளில்லாத கேன்டீன் நடையில், அவளும் நின்றுகொண்டிருந்தாள்.