ராஜாமணி வாயில் வந்த குரல்

ஊராட்சித் தலைவர் வீரம்மாளின் குரல் அவருடைய கணவர் ராஜாமணியின் வாயிலிருந்து வரத் தொடங்கியது ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு. அப்போது அமைதிக் குழுக் கூட்டத்தில் இரண்டாவது சுற்று டீ வந்திருந்தது.

ஒலக்கூர் பக்கத்து அந்த ஊரில், திருவிழா ஒலிபெருக்கியை எந்தப் பக்கம் திருப்பிக் கட்டுவது என்று மேலத்தெருவும் கீழத்தெருவும் அடித்துக்கொண்டு, நடுவில் முள்வேலி போட்டு இரண்டு வருடமாகியிருந்தது. ரேஷன் கடை கீழத்தெருவில், தண்ணீர்த் தொட்டி மேலத்தெருவில். அடித்துக்கொண்டவர்கள் ஆண்கள், அரிசிப் பையோடும் குடத்தோடும் ஏரிக்கரையைச் சுற்றி நடந்தவர்கள் பெண்கள். மேலத்தெரு வீரம்மாளும் கீழத்தெரு கலையரசியும் ஒரே வயலில் நாற்று நட்ட சிநேகிதிகள். அவர்களுக்குள்ளும் பேச்சு நின்றுபோனது. அந்த வேலியைப் பிரிக்கத்தான் வீரம்மாள் பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் நின்று ஜெயித்தார். நாற்காலியில் ராஜாமணி உட்கார்ந்துகொண்டார்.

வேலித் தகராறைத் தீர்க்க அன்று கூடிய அமைதிக் குழுவில் பன்னிரண்டு ஆண்கள். படிவத்தில் 'பெண்கள் பங்கேற்பு' என்ற கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்த அதிகாரி, தலைவர் அம்மா எங்கே என்று கேட்டார்.

"அவ பேசினா என்ன, நான் பேசினா என்ன சார்? ரெண்டும் ஒண்ணுதான்," என்றார் ராஜாமணி.

சொன்னது அப்படியே பலித்தது. வீட்டில் மல்லாட்டைக் கடலை உரித்தபடி வீரம்மாள் முணுமுணுத்தது, அடுத்த நொடியே கூட்டத்தில் ராஜாமணி வாயில் வந்தது. "வேலியப் பிரிக்க வக்கில்ல, ஆளுக்கு ரெண்டு டீ. நாங்க ஏரிக்கரைய சுத்திக்கினு கெடக்கறோம், இவுங்க மீசைய முறுக்கிக்கினு கெடக்கறாங்க."

கலையரசியின் கணவர் செல்வகுமார் சிரித்தார். எங்கள் வீட்டில் எல்லாம் நான் சொல்வதுதான் என்று சொல்ல வாயைத் திறந்தார். அந்த வாயிலிருந்து, ரேஷன் வரிசையில் நின்றிருந்த கலையரசி பேசினார். "யாரு, வீரம்மாவா? ஏன்டி, வாயத் தொறக்க ரெண்டு வருசமாச்சா உனக்கு?"

மற்ற பத்துப் பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அரைமணி நேரம் இரண்டு மீசைகள் வழியாக இரண்டு பெண்கள் பேசினார்கள். நடுவில் கொஞ்சம் அழவும் செய்தார்கள். வேலி அன்று மாலைக்குள் பிரிக்கப்பட்டது. 'ஆண்கள் ஒருமனதாக முடிவெடுத்தனர். பெண்கள் பங்கேற்பு: இல்லை' என்று அதிகாரி படிவத்தை நிரப்பினார்.

திண்டிவனத்து டாக்டர் ராஜாமணியின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒரு குறையும் இல்லை, மனைவிக்காகப் பேசுவதை நிறுத்தினால் போதும் என்றார். உண்மைதான். தனக்குக் காபி கேட்டால் ராஜாமணிக்குச் சொந்தக் குரல் வந்தது; தலைவர் சார்பில் என்று ஆரம்பித்தால் வீரம்மாள் வந்தார். ஆறு மாதத்தில் ஊருக்கு இது பழகிவிட்டது. நாற்காலிக்கு வீரம்மாள் வந்தார், ஃபைல் சுமக்கும் வேலை ராஜாமணிக்குப் போனது.

போன வாரம் விழுப்புரத்திலிருந்து வந்த புது அதிகாரி, பழக்கதோஷத்தில் ராஜாமணி பக்கம் திரும்பி, தலைவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

"அவுங்களையே கேட்டுடுங்க சார். நான் சொன்னாலும் அவுங்க குரல்லதான் வரும்."

அதிகாரி தலையாட்டிவிட்டு, தன் நாற்காலியை வீரம்மாள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.