அலை அடங்கும் நேரம்

போட்டோகிராபருக்கு ஊரில் கொக்கு என்று பெயர். விடிவதற்கு முன்பே ஏரிக்குள் இறங்கி, முழங்கால் அளவு தண்ணீரில் கேமரா ஸ்டாண்டை ஊன்றிக்கொண்டு ஆடாமல் அசையாமல் நிற்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? கரையிலிருந்து எடுத்தால் கோரை மறைக்கிறது. உள்ளே இறங்கினால் தண்ணீர் கலைகிறது. கலைந்த தண்ணீர் அடங்கக் கால்மணி நேரமாவது ஆகும். சூரியன் வந்த கொஞ்ச நேரத்தில் காற்று கிளம்பிவிடும். அதற்குள் மலையும் அதன் பிம்பமும் பிசிறில்லாமல் கிடைக்க வேண்டும். வருடா வருடம் காலண்டருக்கு அந்தப் படம் வேண்டும் என்றுதான் ஏரிக்கரை ஹோட்டல் அவருக்கு வேலையும், சலவைக்கூடத்துக்குப் பின்னால் ஓர் ஈர அறையும் கொடுத்து வைத்திருந்தது.

அந்த ஈரம்தான் மகளுக்கு இழுப்பாக வந்தது. ஆறு வயதுப் பிள்ளை. படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தே தூங்கும். "இந்தக் குளிர விட்டுக் கிளம்புங்க" என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடமாகிறது. நர்ஸ் வேலை பார்க்கும் மனைவி அலையாய் அலைந்து கீழே சமவெளிக்கு மாற்றல் வாங்கிவிட்டாள். மனுஷன் மட்டும் பிடி கொடுக்கவில்லை. பேச்செடுத்தால் லென்ஸைத் துடைப்பார். சாப்பிடும்போது எடுத்தால் பாதியில் கை கழுவ எழுந்துவிடுவார்.

அதனால் இன்று அவள் ஏரிக்கே வந்துவிட்டாள். அவர் ஓட முடியாத இடம் அது ஒன்றுதானே.

"ஏங்க, வண்டி வந்தாச்சு. பாப்பா உள்ள உக்காந்திருக்கா. வர்றீங்களா, இல்லையா?"

அவர் திரும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "கத்தாத. இந்தப் படம் முடியட்டும்."

"போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க."

"இப்ப நகர்ந்தா எல்லாம் கலைஞ்சிடும். என்னை என்ன பண்ணச் சொல்ற? மாட்டிக்கிட்டு நிக்கிறேன்."

அது பொய்யில்லை. மகள் மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் கீழே போய் எதை எடுப்பது? பாஸ்போர்ட் அளவு முகங்களையா? இந்த ஏரியை விட்டால் தான் யாரென்றே அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பயம் காலடிச் சேற்றைவிட அழுத்தமாகப் பிடித்திருந்தது.

மலை உச்சி சிவந்தது. தண்ணீருக்குள்ளும் சிவந்தது. விரல் பொத்தானுக்குப் போனது.

கரையிலிருந்து தொப்பென்று ஒரு கல் வந்து விழுந்தது. மலை சுக்குநூறாகிக் கரைவரை ஆடியது.

"அவ்வளவுதான், இன்னிக்குப் படம் போச்சு" என்றாள் மனைவி. குரலில் கோபமே இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. "இனிமே எது கலையும்னு பயப்படணும்? வாங்க."

பத்தே எட்டு வைத்தால் கரை. கால் எழுந்தால் போதும். எழவில்லை. அலைகள் தன்னைத் தாண்டிப் போவதையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று இன்னும் கிளம்பவில்லை, அசையாமல் நின்றால் அடங்கினாலும் அடங்கிவிடும் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

அவள் வண்டியை நோக்கி நடந்தாள். வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டபோதும் அவர் திரும்பவில்லை. திரும்பினால் தண்ணீர் ஆடும்.