குட்டைப் பகல் நோன்பு

முக்கூடலில் அரிசிக்கடை வைத்திருக்கும் காஜா முகைதீனுக்குப் போன ரமலானில் காய்ச்சல் வந்து ஒரே ஒரு நோன்பு விட்டுப்போனது. அதைத் திரும்பப் பிடிக்க மார்கழி வரை காத்திருந்தார். வருடத்திலேயே குட்டையான பகல் அப்போதுதானாம். நம் பக்கத்தில் நீண்ட பகலுக்கும் குட்டைப் பகலுக்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். இதைச் சொன்னவர்களோடு அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். ஆனால் அடுத்த ரமலானுக்குள் முடிக்காவிட்டால் படைத்தவன் முன்னால் எப்படிப் போய் நிற்பது என்ற பயம் அவருக்கு நிஜமாகவே இருந்தது.

மனைவி மும்தாஜ் பேகம் தன் விடுபட்ட நோன்புகளைச் சித்திரை வெயிலிலேயே பிடித்து முடித்துவிட்டாள். மார்கழியில் அவர் நோன்பு பிடித்த அன்று துணையாக அவளும் நோன்பு.

மதியத் தொழுகை முடிந்ததும் மனுஷன் மொட்டைமாடியில் நாற்காலி போட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். கிழக்கேயிருந்து மேகம் வந்தது. முதலில் பஞ்சுப்பொதி மாதிரி இருந்தது. பசி ஏற ஏற இடியாப்பமாயிற்று. கடைசியில் கவிழ்த்த பிரியாணிச் சட்டியாகி, அதன் கரி படிந்த அடிப்பாகம் மலையையும் ஆற்றையும் சேர்த்து மூடியது. கோழிகள் கூட்டுக்குள் போயின. தானாக எரியும் தெருவிளக்கு எரிந்தது. பொழுது அடைந்துவிட்டது, நோன்பு திறக்கலாம் என்பதற்கு அவருக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. பேரீச்சம்பழமும் வடையும் கஞ்சியும் கொண்டுவரச் சொன்னார்.

கொண்டுவந்த மும்தாஜ், கடிகாரத்தில் இப்போதுதான் நாலரை என்றாள்.

"கடியாரம் மனுசன் செஞ்சது, வானம் அல்லா செஞ்சது. நீ யாரை நம்புதே?"

"நான் பள்ளிவாசல்ல பாங்கு சொல்லுத மோதினாரை நம்புதேன்" என்று சொல்லி, தன் பழத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

அவர் பிஸ்மி சொல்லிப் பழத்தைத் தின்றார், வடையைத் தின்றார், கஞ்சியைக் குடித்தார். கோப்பையின் அடியை வழித்துக்கொண்டிருந்தபோது மேகம் விலகியது. மலைக்கு மேலே பனைமர உயரத்தில் நின்ற சூரியன் நேராக அவர் வாயைப் பார்த்தது. தெருவிளக்கு அணைந்தது. கோழிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன, யாரோ ஏமாற்றிவிட்ட கோபத்தோடு.

பிடித்த நோன்பு முறிந்துபோனதில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாளைக்குப் பிடிங்க. பகல் ஒரு நொடிகூடக் கூடிராது" என்றாள் மும்தாஜ்.

"கொஞ்சமாச்சும் கூடுமுல்லா?" என்றார் அவர்.

பாங்கு கேட்டதும் மும்தாஜ் தன் ஒற்றைப் பழத்தை நிதானமாக மென்று தின்றாள். வயிறு நிறைந்த மனிதர் எதிரே உட்கார்ந்து பசியோடு பார்த்துக்கொண்டிருந்தார்.